வரனுக்கு அனுப்பிய போட்டோ

நான் போட்டோ எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு வந்த வரன் நிற்காது என்று எங்கள் ஹாஸ்டலில் ஒரு பேச்சு இருந்தது. வெறும் பேச்சில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்ய ஆள் இருந்தது.

ஹாஸ்டல் வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டியது. மூன்று மாடி, ரோஸ் கலர் சுவர், அறைக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில். எல்லாரும் கார்களுக்கு ஒயரிங் செய்கிற ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள். எல்லாருக்கும் கல்யாண வயது. ஊரில் இருக்கிறவர்களுக்கு வேறென்ன வேலை, வரன் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வரன் வந்தால் முதலில் கேட்பது போட்டோதான். சேலை கட்டி முழுசாக நின்று ஒன்று, முகம் மட்டும் ஒன்று, இன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்தாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவுக்குப் போய்வர ஷிப்ட் எங்கே விடுகிறது? அதனால் யாரிடம் நல்ல போன் இருக்கிறதோ அவள் தலையில் வந்து விழும். நான் தீபாவளி போனஸில் மூன்று கேமரா வைத்த போன் வாங்கியிருந்தேன். என் தலையில் விழுந்தது.

முதலில் பக்கத்து அறைப் பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தேன். பையன் வீட்டிலிருந்து பதிலே இல்லை. ஜாதகம் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். அடுத்தவளுக்கும் பதில் இல்லை. மூன்றாவதாக ஒருத்திக்குப் பதில் வந்தது. பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா, ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கிறாள் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் மேல்மாடியிலிருந்து ஒருத்தி பரோட்டா பார்சலோடு வந்து என் கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"யக்கா, வேணாத எடம் ஒண்ணு வந்துருக்கு. வூட்ல சொன்னா கேக்க மாட்றாங்க. நீங்க எனக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! பரோட்டாவைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கோபப்பட்டேன் என்றாலும், கோபம் கோபம்தான்.

இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில்காரி. அம்பாசமுத்திரம் பக்கம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அப்பா வாழைத்தார் கடையில் வேலை பார்த்து இவளை வளர்த்தவர். நான் உத்திரமேரூர் பக்கம். இவள் லைனில் ஒயர் கோக்கிறவள், நான் அதே லைனின் கடைசியில் நின்று சரியாகக் கோத்திருக்கிறாளா என்று பார்க்கிறவள். வேலையில் நான் இவள் மேல் குறை சொல்வேன். அறைக்கு வந்ததும் அதற்கெல்லாம் சேர்த்து இவள் என் மேல் சொல்வாள்.

"ஏட்டி, நீ போட்டோ எடுத்தா மாப்பிள்ள வீட்டுக்காரன் ஊரவிட்டே ஓடிருதானே, அது எப்படிட்டி?" என்றாள்.

"சிரிச்சிகினே இரு. ஒரு வருஷத்துல கத்துக்கினு, உன் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுக்கப் போறேன்."

"மொதல்ல என் தலைய வெட்டாம எடு. பெறகு கல்யாணத்தப் பாப்போம்."

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வீம்பு. தினமும் ஒரு போட்டோ. அதே ஆள், அதே இடம்: அவள், மொட்டை மாடி. முதல் ஷிப்ட் வாரத்தில் வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம், இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் குளித்து முடித்ததும் காலையில். ஒரே சாமானைத் தினமும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எங்கே என்ன மாறுகிறது என்று கண்ணில் படும். இது என் வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கோ ஐந்து நிமிஷம் சும்மா நிற்பது பெரிய தண்டனை. "எடுத்தாச்சா? கொசு கடிக்கி. எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பாள்.

ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தேன். யூடியூபில் பார்க்காத வீடியோ இல்லை. வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்றான் ஒருத்தன், விழவைத்தேன். பின்னால் வெறும் வானம் இருக்கட்டும் என்றாள் ஒருத்தி, இருக்கவைத்தேன். எல்லாம் செய்தும் படம் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரியே வந்தது. எனக்கு அழுகை வராத குறை. சரி, நமக்கு இந்த வித்தை வராது, விட்டுவிடலாம் என்ற இடத்துக்கே வந்துவிட்டேன்.

ஒருநாள் அவள் தலை பின்னிக்கொண்டே, கண்ணாடி இல்லாமல் என் போனின் பின்பக்கத்தில் முகம் பார்த்தாள். கேமராவில் விரல் பட்டது.

"ஏட்டி, இதென்ன பிசுபிசுன்னு இருக்கு? கருப்பட்டியத் தடவி வச்சிருக்கியா?"

வாங்கிப் பார்த்தேன். கம்பெனி கேட்டில் தினமும் உள்ளே போகும்போது செக்யூரிட்டி அக்கா எங்கள் போனை வாங்கி, உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வரும்போது பிய்த்து எடுப்பார். ஸ்டிக்கர் போய்விடும், பசை எங்கே போகும்? போன் வாங்கின நாளிலிருந்து அந்தப் பசை நாளுக்கு நாள் ஏறி, மூன்று கேமராவும் கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தன. லைனில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கூடக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைக்கிறவள் நான். என் போனைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பஞ்சால் துடைத்து, மாடிக்கு ஓடி ஒரு படம் எடுத்தேன். அப்பாடா, கண்ணாடி மாதிரி இருந்தது! இனி நான்தான் ராணி என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, இத்தனை நாள் பனி மூடியிருந்த குறையெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. செல்போன் டவர் அவள் உச்சந்தலையிலிருந்து முளைத்திருந்தது. கால் இரண்டும் கணுக்காலோடு போயிருந்தன. மூக்கு மட்டும் முன்னால் வந்து நின்றது. பசை மேல் பழி போட இனி வழியில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையில் கற்றுக்கொண்டேன். கிட்டே போய் எடுத்தால் மூக்கு வீங்கும்; நாலடி தள்ளி நின்று ஜூமில் படத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் கண் இரண்டும் குழியாகிவிடும். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஆளை நிறுத்தி, எதிரே கொடியில் காயும் வெள்ளைப் பெட்ஷீட் மேல் வெயில் அடித்தால், அந்த வெளிச்சம் முகத்தில் வந்து விழும். அதற்கு ஈடு எந்த ஸ்டுடியோ லைட்டும் இல்லை. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து யாராவது பெட்ஷீட்டை மடித்து எடுக்க வந்தால் சண்டைக்கு நின்றேன். வார லீவில் குன்றத்தூர் மலைக்குப் போவோம். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு சாமி கும்பிடப் போகிறவர்கள் முகத்தையும், கும்பிட்டு இறங்குகிறவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவளைப் படியில் நிறுத்தி ஏறச்சொல்லி, இறங்கச்சொல்லி, மறுபடி ஏறச்சொல்லி எடுத்ததில் ஒருநாள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

இன்னொன்றும் புரிந்தது. "சிரி" என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். வாயைக் கிளறிவிட்டுப் பேசவைக்க வேண்டும். ஒவ்வொருத்தி முகமும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கும். ஒருத்திக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால். ஒருத்திக்குத் தம்பியைப் பற்றிக் கேட்டால். என் கீழ்க்கட்டில்காரிக்கு யாரையாவது திட்டும்போது. அப்போது அவள் கண்ணும் புருவமும் கழுத்தும் கையும் எல்லாம் சேர்ந்து பேசும். அதைத்தான் என்னால் பிடிக்கவே முடியவில்லை. நான் போனைத் தூக்கினால் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, சமத்தாக வாயை மூடிக்கொள்ளப் பார்ப்பாள். அதுவும் பாதியில் திறந்துகொள்ளும்.

வருஷம் முடிவதற்குள் ஹாஸ்டலில் என் பேர் மாறிவிட்டது. நான் எடுத்த போட்டோவை அனுப்பி இரண்டு பெண்களுக்கு அடுத்தடுத்து நிச்சயமானது. ஒருத்தி லட்டு வாங்கிவந்து முதல் லட்டை எனக்குத்தான் ஊட்டினாள். தலைக்கனம் ஏறிவிட்டது, மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. தென்காசிப் பக்கம் ஒரு வரன். நல்ல குடும்பம், சொந்தக் கடை. போட்டோ உடனே வேண்டும். பிடித்துவிட்டால் தை மாதமே கல்யாணம், பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

வேலையை விட்டால் அவளுக்கு எது கைவிட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் லைன் லீடர் பிரசவ லீவில் போயிருந்தார். அந்த இடத்தில் இவளைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாதம் லைனை ஒழுங்காக ஓட்டினால் இவளையே லீடராக்குவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவள் கனவில்கூட லைன் ஓடியது. அப்பாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். "மொதல்ல போட்டோவ அனுப்பு, பெறகு பேசிக்கிடலாம்" என்று வைத்துவிட்டார். தனியாளாக நின்று வளர்த்த மனுஷரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஊரையே திட்டுகிற நாக்கு.

என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ மொதல்ல எடுப்பேல்லா, அது மாதிரி ஒண்ணு எடுத்துத் தாட்டி."

"இன்னா சொன்ன?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வருஷமா அந்த மாடியில வெயில்ல காஞ்சி, கொசுக்கடி வாங்கிகினு கத்துக்கினேன். இப்ப வந்து கெடுத்துத் தான்னு கேக்கறியே, உனக்கு நல்லாருக்கா?"

"எனக்கு வேற வழி தெரியலட்டி" என்றாள். குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

எடுத்தேன். நான் கற்றுக்கொண்டது அத்தனையையும் தலைகீழாகப் போட்டு எடுத்தேன். நடு உச்சிப் பொழுதில், கீழ்ப்படிக்கட்டின் ரோஸ் சுவருக்கு முன்னால், அதே ரோஸில் ஒரு சேலையை இரவல் வாங்கிக் கட்டவைத்து, "வாய மூடு, கீழ பாரு, மூச்சு விடாத" என்று அதட்டி, முகத்துக்குக் கிட்டே போய், கீழிருந்து மேலாக. சேலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் களையே இல்லாமல் ஒரு முகம் தொங்கியது. பார்த்ததும் கைதட்டினாள். "எங்கப்பாவுக்கே என்ன அடையாளம் தெரியாதுட்டி!" என்று அங்கேயே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

"பிள்ள அம்புட்டு அடக்கமா இருக்காளாம். தல நிமிராம நிக்காளாம். இப்படி ஒரு பிள்ளையத்தான் தேடிக்கிட்டு இருந்தாவளாம்" என்று அவள் அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள், லீவு போட்டுக்கொண்டு வந்துவிடு என்றார்.

போனை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கெட்டிக்காரத்தனமாக எடுப்பதாக நினைத்து, அவர்களுக்குத் தேவையான பெண்ணை நானே செய்து கொடுத்திருக்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் ஷிப்ட். எங்கள் ஹாஸ்டலுக்கு முன்னால் ரோட்டோரம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். தன் லைன் பெண்களில் யாரும் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று இவள்தான் நின்று எல்லாரையும் ஏற்றுவாள். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களைக் காணோம். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, கெளம்பலாமா வாணாமா? டைம் ஆயிகினே கீது!"

"ஒரு நிமிசம் பொறுங்கண்ணே!" என்று அவருக்கு ஒரு கத்து கத்திவிட்டு, ஹாஸ்டல் கேட்டைப் பார்த்துத் திரும்பினாள். அந்த மூன்று பெண்களும் இட்லிப் பொட்டலத்தோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். "ஏ வாங்கட்டி வெரசா! பொண்ணழைப்புக்கா வாரிய?" என்று கையை உயர்த்திச் சத்தம் போட்டாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண். ஆனாலும் சத்தத்தில் குறைவில்லை.

அன்றைய போட்டோவை இன்னும் எடுக்கவில்லை என்று எனக்கு ஞாபகம் வந்தது. பழக்கம்தான், வேறொன்றும் யோசிக்கவில்லை. நாலடி பின்னால் போய் எடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தேன். வெயில் பக்கவாட்டில் வந்து அவள் முகத்தில் பாதியைப் பளிச்சென்று ஆக்கியிருந்தது. கை மேலே. வாய் திறந்தது திறந்தபடி. அடையாள அட்டை கழுத்திலிருந்து பறக்கிறது. பின்னால் பஸ் ஜன்னல் எல்லாவற்றிலும் பெண்கள் தலையை நீட்டிச் சிரிக்கிறார்கள். திட்டுகிற முகம்தான், ஆனால் அந்தப் பெண்கள் மேல் இருந்த பிரியமும் அதிலேயே தெரிந்தது. ஒரு வருஷமாக நான் பிடிக்கப் பார்த்தது இதைத்தான். அவள் மடியில் போனை வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். ஒரகடம் மேம்பாலம் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நான் இப்படியாட்டி இருக்கேன்?"

"தெனமும் இப்படித்தான்டி இருக்க. உனக்குத்தான் தெரியல."

கம்பெனி கேட் வருவதற்குள் அதை அப்பாவுக்கு அனுப்பினாள். கூடவே வாய்ஸ் மெசேஜாகப் பேசியும் அனுப்பினாள். எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "யப்பா, அந்தப் போட்டோ நான் இல்லப்பா. இதான் நான். லீடர் வேல கெடைக்கப் போவுது, அத விட்டுட்டு வர எனக்கு மனசு இல்ல. இந்தப் போட்டோவ அவியகிட்டக் காட்டுங்க. இதப் பாத்துட்டும் சரின்னா வரச் சொல்லுங்க."

உள்ளே போனால் போனைக் கையில் எடுக்க முடியாது. ஷிப்ட் முடிகிற வரை அவள் லைனை ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத்தான் வேலை ஓடவில்லை. நல்ல ஒயரை எல்லாம் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். அவளே வந்து, "என்னட்டி, தூங்குதியா? அங்க குவிஞ்சி கெடக்கு" என்று விரட்டினாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் அப்பா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அவிய வேண்டாம்னுட்டாவ."

"ஏம்ப்பா?"

"பிள்ள ரொம்ப அதிகாரமா நிக்காளாம். நடுரோட்டுல இப்படிச் சத்தம் போடுதவ எங்க வீட்டுக்கு ஒத்து வரமாட்டான்னு சொல்லுதாவ."

"நீங்க என்னப்பா சொன்னிய?"

"என்னத்தச் சொல்ல? எம்மவ அப்படித்தான் நிப்பா, அவ நிக்க ஒங்க வீட்டுல எடம் பத்தாதுன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். நீ அந்த வேலையப் பாரு."

என்னால் பொறுக்க முடியவில்லை. சந்தோஷம் ஒருபக்கம் இருக்கட்டும், அது வேறு. "இன்னாது, வேணாம்னாங்களா? அந்த நாசமாப்போன போட்டோவுக்குச் சரின்னவங்க இதுக்கு வேணாம்னாங்களா? கண்ணு அவிஞ்சா போச்சு அவங்களுக்கு?" என்று கத்தியே விட்டேன்.

"அது யாரு, போட்டோ எடுத்த பிள்ளையா?" என்றார் அவர்.

"ஆமாம்ப்பா."

"நல்லா எடுத்திருக்க, தாயி. பெருசாப் போட்டு ஒண்ணு அனுப்பு, வீட்டுல மாட்டணும்." கொஞ்சம் தயங்கினார். "கொஞ்சம் வாய மூடுன மாதிரி ஒண்ணு இருந்தா அதையும் அனுப்பேன்."

"அப்பா, ஒரு வருஷமா அதுக்குத்தான் பாக்கறேன். உங்க பொண்ணு எங்க மூடறா?"

அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப வேண்டாம், தாயி. இதே போதும். அவ போனதுல இருந்து வீடு சத்தமில்லாமக் கெடக்கு. இதப் பாத்தா அவ சத்தம் கேக்கு."

அவள் என் தோளில் இருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. பெண்கள் தாங்களாகவே ஏறிக்கொண்டார்கள்.